இல்லாத டி டிரைவில் பதிமூன்று வைரஸ்கள்

லியெபாயாவில் நவம்பர் என்றால் காற்றுதான்.
கடலைப் பார்த்த ஜன்னல் இடுக்கில்
பழைய துவாலையைத் திணித்து வைத்திருக்கிறோம்.
அதையும் மீறி ஒரு விசில்.

அந்த விசிலோடு சேர்ந்துதான்
கணினி முதல் தடவை அலறியது.
திரையின் ஓரத்தில் சிவப்புப் பெட்டி:
பதிமூன்று வைரஸ்கள்.
உங்கள் வங்கிக் கணக்கு ஆபத்தில்.
ஐந்து நிமிடத்தில் பணம் கட்டிப் புதுப்பிக்கவும்.

அக்ரிஸ் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்,
போலீஸ் மடக்கினாற்போல.
"நான் எதையும் தொடலை."

தொடாதவர் யாரும் அப்படிச் சொல்வதில்லை.
முப்பத்தோரு வருடம் துறைமுகத்தில்
கப்பல் ரேடியோக்களைப் பழுதுபார்த்தவள் நான்.
'தானாகவே நின்றுபோச்சு' என்று
எத்தனை மாலுமிகள் சத்தியம் செய்திருக்கிறார்கள்.

மறுநாள் இருபது நிமிடத்துக்கொரு தரம்
புலி வருது, புலி வருது.
நான் குளித்துவிட்டு வருவதற்குள்
மூக்குக் கண்ணாடியும் வங்கிக் கார்டுமாக
எண்களைத் தட்ட உட்கார்ந்திருந்தார் மனுஷன்.
கார்டைப் பிடுங்கி
ரொட்டிப் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறதென்று தெரியும்வரை
ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாதே.
என் தொழிலில் வேதம் என்றால் இது ஒன்றுதான்.

இணைய வயரை உருவினேன்.
வயர் கையில் தொங்குகிறது;
அங்கே 'ஸ்கேன்' ஓடிக்கொண்டே இருக்கிறது.
சி டிரைவ் முடிந்ததாம்.
டி டிரைவில் தேடுகிறதாம்.
எங்கள் கணினியில் டி டிரைவே கிடையாது.

கட்டாத மாடியில்
பதிமூன்று திருடர்கள்!
கரடி விடுவதற்கும்
ஒரு கணக்கு வழக்கு வேண்டாமா?
சிரித்தேன். அக்ரிஸ் சிரிக்கவில்லை.

கணினியோடு கூடவே வந்த காவல்காரனை எழுப்பி
முழுச் சோதனை போடச் சொன்னேன்.
நாற்பத்தேழு நிமிடம், சத்தமே இல்லை.
கடைசியில் ஒரு சின்னப் பச்சைக் குறி.
உண்மையில் காவல் காப்பவன்
கூச்சல் போடுவதில்லை போலும்.

பிரௌசரை மூடினால் பெட்டி இல்லை.
திறந்தால் இருக்கிறது.
அப்போ குற்றவாளி இந்த வீட்டுக்குள்தான்.
அமைப்புகள், அறிவிப்புகள்,
அனுமதி பெற்றவர்கள் பட்டியல்.
மூன்றே பெயர்:
வானிலை நிலையம், ரீகா பேருந்து,
மூன்றாவது
மீன்முள் சிக்கிய தொண்டை சொன்னது மாதிரி
வெறும் எழுத்துக் குப்பை.
நீக்கினேன்.
பூச்சாண்டி போய்விட்டான்.

அதோடு எழுந்திருக்கலாம்.
ஆனால் காரணம் தெரியாமல்
மூடியைத் திருகி மூடியதில்லை நான்.

ஹிஸ்டரியைத் திறந்தேன்.
செவ்வாய், அதிகாலை இரண்டு ஐம்பத்திரண்டு.
'நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க
அனுமதி என்பதை அழுத்தவும்.'
அழுத்தியிருக்கிறார்.

அதற்கு மேல் வரியில் அவர் தேடியது:
சும்மா இருக்கும்போது மட்டும்
வலது கை நடுங்குவது ஏன்.
அதற்கும் மேலே:
கை நடுக்கம் இருந்தால்
கார் ஓட்டலாமா.

அந்த நேரத்தில்
நான் பக்கத்து அறையில்
குறட்டை விட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

எத்தனை வாரமாக
காபிக் கோப்பையை இடது கையில் எடுக்கிறார்?
செப்டம்பரா? அதற்கும் முன்பா?
யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.
காதுதான் எனக்குப் பழக்கம்,
கண் இல்லை.

"கார்டு ஏன் ரொட்டிக்குள்ள இருக்கு?"
அடுக்களையிலிருந்து குரல்.

"வெளியிலயே வைங்க.
வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில கட்டணும்."

எந்த ஆஸ்பத்திரி, யாருக்கு
என்று அவர் கேட்கவில்லை.
கத்தி பலகையில் வைக்கப்படும் சத்தம்.
கொஞ்ச நேரம் காற்று மட்டும்.

"ஹிஸ்டரியைப் பார்த்தியா?"

"இரைச்சல் எங்கிருந்து வருதுன்னு பார்த்தேன்."

காபி கொண்டுவந்தார்.
இந்த முறை வலது கையில்.
சாசரின் மேல் கோப்பை
கிணுகிணுவென்று ஆடியது.
மேஜையில் வைக்கும்வரை
இரண்டு பேருமே
அதை நிறுத்தப் பார்க்கவில்லை.